வெங்காய லோரியில் வந்த தாலி

கிள்ளானுக்குப் போகும் வழி எனக்குத் தெரியும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பிறந்தது கிள்ளான், படித்தது கிள்ளான், சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டதும் கிள்ளான். மலேசியத் தலைநகரில் பிரிக்பீல்ட்சுக்குக் குடிவந்த பிறகும் மாதம் இரண்டு முறையாவது அங்கிருக்கும் அக்கா வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவேன் (வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்). அப்படிப்பட்டவன், அந்தக் கிள்ளானுக்கே வழி காட்ட வேண்டும் என்று ஒரு மோட்டார் சைக்கிளின் மேப்பைப் புதுப்பிக்கப் போய், சொந்த அக்கா மகளின் கல்யாணத்தை அந்தரத்தில் தொங்கவிட்டேன். அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. விவரம் தெரியாத வயது.

பைக்கை அதற்கு ஏழெட்டு மாதம் முன்புதான் வாங்கியிருந்தேன். அம்பாங்கில் ஒரு பல் மருத்துவர் முதுகு வலி வந்ததால் விற்றார். முதுகு வலி வரட்டும் என்று நான் வாங்கினேன். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த டூரிங் பைக். கிட்டத்தட்ட நானூறு கிலோ. பின்னால் உட்காருபவருக்கு சோபா மாதிரி சீட்டு, நான்கு ஸ்பீக்கர், பின்னோக்கிப் போக ரிவர்ஸ் கியர், கடைசியில் ஒரு பெரிய சாமான் பெட்டி. அந்தப் பெட்டிக்கு எலக்ட்ரிக் பூட்டு. பட்டனை அழுத்தினால் 'டக்' என்று திறக்கும். இதையெல்லாம்விட எனக்குப் பெருமை, முன்னால் டிவி மாதிரி இருந்த ஜிபிஎஸ் திரை.

அந்தத் திரையில் ஒரே ஒரு குறை. அதிலிருந்த மேப் ஆதி காலத்தது. புதிய நெடுஞ்சாலை எதுவும் அதற்குத் தெரியாது. சுங்கை பூலோ பக்கம் போனால், திரையில் என் வண்டி செம்பனைத் தோட்டத்துக்கு மேலே பறந்துகொண்டிருக்கும். மேருவில் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போனபோது ஒரு தொழிற்சாலையின் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தி, 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. காவலாளி வெளியே வந்து, சாமான் எங்கே, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். நான் எதையும் கொண்டுவரவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க கால் மணி நேரம் ஆயிற்று.

இந்த நிலையில்தான் ஷெரினின் கல்யாணம் வந்தது. ஷெரின் என் அக்கா ரோசலினின் ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அத்தான் தவறிவிட்டார். அதன் பிறகு அக்கா ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையை வளர்த்தாள். ஆம்பிளைத் துணை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது நான் ஒருவன்தான் (துணை என்ற சொல்லை இங்கே கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்துகிறேன்). மாப்பிள்ளை வீட்டார் ஈப்போக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா சாமுவேல் அங்கிள், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நேரத்தை அவர் கடிகாரத்தில் பார்ப்பதில்லை; சரிபார்க்க மட்டுமே கடிகாரம் வைத்திருந்தார்.

கல்யாணம் கிள்ளானில், எங்கள் பழைய தேவாலயத்தில். சனிக்கிழமை காலை பத்தரை மணித் திருப்பலி. மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து பிரிக்பீல்ட்சில் ஒரு ஹோட்டலில் தங்குவார்கள். காலையில் அவர்களை அழைத்துவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று காரும் ஒரு வேனும் பின்னால் வர, முன்னால் என் பைக் போவதை நான் ஒரு மாதமாகக் கற்பனையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அவங்க எல்லார்கிட்டயும் போன்ல மேப் இருக்கு லா. நீங்க சும்மா முன்னால போனா போதும்" என்றாள் ஷெரின்.

"போன்லாம் சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்மா" என்றேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மேப்பைப் புதுப்பிப்பது மிக எளிது என்று கையேட்டில் போட்டிருந்தது. கல்யாண வாரத்தின் திங்கட்கிழமை தொடங்கினேன். முதலில் கம்பெனியின் இணையதளத்தில் வண்டியின் சேசிஸ் எண்ணைப் பதிய வேண்டும். பதினேழு எழுத்தும் எண்ணுமாக அது ஹேண்டிலுக்கு அடியில், மனிதத் தலை நுழைய முடியாத இடத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. போனை உள்ளே விட்டுப் படம் எடுத்துப் பார்த்தால் பூஜ்யமா 'ஓ'வா என்று தெரியவில்லை. நான்கு முறை தவறாகப் போட்டதும் இணையதளம் என்னைத் திருடன் என்று முடிவுசெய்து ஒரு நாள் வெளியே நிறுத்தியது. பிறகு பதினொரு ஜிபி ஃபைலை இறக்கினேன். முக்கால்வாசி இறங்கியதும் லைன் போய், முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒருவழியாக அதைத் தம்ப் டிரைவில் ஏற்றி வண்டியில் செருகினால், 'ஃபைல் இல்லை' என்றது. ஃபைல் ஒரு ஃபோல்டருக்குள் இருந்ததாம். வெளியே இருக்க வேண்டுமாம். வெளியே எடுத்து வைத்தேன். வண்டி ஏற்றுக்கொண்டு, தாய்லாந்தின் மேப்பைக் காட்டியது. சியாங் மாயின் சந்துபொந்தெல்லாம் அற்புதமாகத் தெரிந்தது. மலேசியா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலம்.

வெள்ளிக்கிழமை மாலை சரியான ஃபைல் கைக்கு வந்தபோது நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காரணம், தாலி. எங்கள் குடும்பத்தில் தாலியைத் தாய்மாமன்தான் தேவாலயத்துக்குக் கொண்டுவர வேண்டும். உறுதிமொழி முடிந்ததும் பாதர் அதை மந்திரிப்பார். அதன் பிறகு மாப்பிள்ளை கட்டுவார். "காலையில இங்க வந்து வாங்கிக்கடா" என்றாள் அக்கா. ஆனால் என் கற்பனையில், நான் பைக்கில் தாலியோடு வந்து இறங்கும் காட்சியை ஏற்கெனவே படம் பிடித்து முடித்திருந்தேன். அதனால் அப்போதே கேட்டேன்.

சிவப்பு வெல்வெட் டப்பாவை அக்கா இரண்டு கையாலும் கொடுத்தாள். "பெனி, இந்த ஒன்னுதான்டா உன்னை நம்பிக் கொடுக்கிறேன்."

"அக்கா, வண்டில அலாரம் இருக்கு, எலக்ட்ரிக் லாக் இருக்கு. பேங்க் லாக்கர்கூட இவ்ளோ சேஃப் கிடையாது" என்று சொல்லி, அதைச் சாமான் பெட்டிக்குள் மழைக்கோட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். என் மனைவி தெரசா அக்காவுக்கு உதவியாக அங்கேயே தங்கிவிட்டாள். நான் மட்டும் திரும்பினேன். எங்கள் பிளாட்டில் அந்த மாதம் ஒரு வீட்டில் திருடு போயிருந்ததால், தாலி வீட்டைவிடப் பெட்டியில் இருப்பதுதான் பாதுகாப்பு என்று அங்கேயே விட்டேன். இதுவரைக்கும் நான் செய்தது எல்லாமே சரி என்றுதான் இப்போதும் வாதாடுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோட்டு சூட்டு போட்டு, பிளாட்டின் கார் பார்க்கில் தம்ப் டிரைவைச் செருகினேன். அதிகபட்சம் ஒரு மணி நேரம் ஆகும் என்று போட்டிருந்தது. ஹோட்டலிலிருந்து எட்டே முக்காலுக்குத்தான் கிளம்ப வேண்டும். நேரம் கொட்டிக் கிடந்தது. 'அப்டேட் முடியும்வரை வண்டியை அணைக்க வேண்டாம். மற்ற வசதிகள் இயங்காது' என்று திரையில் வந்தது. சரி என்று அழுத்தினேன். ஒரு சதவீதம் என்று காட்டியது. எனக்குப் பரம சந்தோஷம்.

பத்து நிமிடத்தில் காவலாளி வந்தார். "பாஸ், என்ஜின் மாத்திகான் லா. புகை மேல போகுது, ஆன்டிங்க கத்துறாங்க" என்று, என்ஜினை அணைக்கும்படி பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொன்னார். என்ஜினை மட்டும் நிறுத்திவிட்டு, சிஸ்டத்தை பேட்டரியில் ஓடவிட்டேன். ஏழரைக்கு முப்பத்தொரு சதவீதம். எட்டு மணிக்கு நாற்பத்தொன்று. எட்டே முக்காலுக்குள் இது முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. போகட்டும், பைக் வேண்டாம், ஒரு டாக்சியில் ஹோட்டலுக்குப் போய் அவர்களோடு காரில் ஏறிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தேன். தாலியை எடுப்பதற்காகப் பெட்டியின் பட்டனை அழுத்தினேன்.

'டக்' வரவில்லை.

மறுபடி அழுத்தினேன். இருபது முறை அழுத்தினேன். 'மற்ற வசதிகள் இயங்காது' என்று திரை எனக்கு அமைதியாக நினைவூட்டியது. அவசரத்துக்கென்று ஒரு சாவி உண்டு என்பது ஞாபகம் வந்தது. அது எங்கே இருக்கிறது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று அதைப் பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அணைத்துப் போட்டால் பூட்டு விடுபடுமா என்று போனில் கையேட்டைத் தேடினேன். பாதியில் அணைத்தால் மொத்த சிஸ்டமும் செத்துவிடும், பிறகு டீலரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று அதில் இருந்தது. டீலர் திங்கட்கிழமைதான் திறப்பார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.  நான்கு சக்கர வண்டி வைத்திருக்கும் மனிதர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் எவ்வளவு நிம்மதியாக நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பொறாமையாக இருந்தது.

பிளாட்டுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் காதர் அண்ணன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் வந்த குடும்பம். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும், ஆற்றிக்கொண்டிருந்த தே தாரிக் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தாலி உள்ளயா?"

"உள்ளதான் அண்ணே."

"ஏன் தம்பி? ஒனக்கு வீடு இருக்குல்ல?"

அதற்குள் பேட்டரி பலவீனமாக இருக்கிறது என்று திரையில் மஞ்சள் விளக்கு வந்தது. காதர் அண்ணன் தன் வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து வயரால் இணைத்தார். விளக்கு அணைந்தது. மணி எட்டரை, ஐம்பத்தொரு சதவீதம். இனி மறைத்துப் பயனில்லை என்று அக்காவுக்கு போன் செய்தேன். அவள் முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்.

"ஒடைடா."

நான் நான்கு விநாடி பேசாமல் இருந்தேன். அந்தப் பெட்டியின் பெயிண்டை நான் வாராவாரம் மெழுகு போட்டுத் துடைத்தவன். நான்கே நான்கு விநாடி. ஆனால் போனில் நான்கு விநாடி மிக நீளமானது. மறுமுனையில் அக்கா அழ ஆரம்பித்தது கேட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ வெட்கக்கேடான காரியங்களைச் செய்திருக்கிறேன். அந்த நான்கு விநாடிக்காக வெட்கப்படுவதுபோல வேறு எதற்கும் வெட்கப்படவில்லை.

"ஒடைச்சிடறேன்க்கா" என்றேன்.

காதர் அண்ணன் டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு வந்தார். மூடியின் இடுக்கில் விட்டு நெம்பினார். கம்பி வளைந்தது. அலாரம் மட்டும் அலறத் தொடங்கியது (மற்ற வசதிகள் இயங்காது என்றவன் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தான் என்று தெரியவில்லை). மேல் மாடிகளில் எல்லா ஜன்னலும் திறந்தன. நான் சுத்தியல் கேட்டேன். காதர் அண்ணன் சுத்தியலை எடுத்து, ஓங்கி, கீழே இறக்கிவிட்டார்.

"வேணாம் தம்பி. உள்ள தாலி இருக்கு. அது மேல நான் அடிக்க மாட்டேன், நீயும் அடிக்கக் கூடாது."

நான் அலாரச் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வெளியே தன் லோரியைப் பார்த்தார். காலையில் மொத்த மார்க்கெட்டிலிருந்து வெங்காய மூட்டையோடு வந்த லோரி, இன்னும் முழுவதும் இறக்கியிருக்கவில்லை.

"பெட்டி தெறக்கலன்னா போவட்டும். வண்டியோட கொண்டுபோயிடலாம்" என்றார்.

அலாரம் தானாகவே கத்தி ஓய்ந்ததும், கடையின் சமையல்காரர்கள், ரொட்டி போடுபவர், காவலாளி, நான் எல்லாருமாகப் பலகை வைத்துத் தள்ளி பைக்கை லோரியில் ஏற்றினோம். வேன் பேட்டரியும் வயரோடு கூடவே ஏறியது. வெங்காய மூட்டைகளை இருபக்கமும் முட்டுக்கொடுத்து வண்டியை நிமிர்த்தி நிறுத்தினோம். வயர் நழுவினால் எல்லாம் போயிற்று என்பதால், யாராவது பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். லோரியின் பின்னால் ஆள் உட்காரக் கூடாது என்ற சட்டம் எனக்குத் தெரியும். சூட்டோடு ஏறி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

அதற்குள் சாமுவேல் அங்கிள் போன் செய்துவிட்டார்.

"மிஸ்டர் பெனடிக்ட், எட்டே முக்கால்னு சொன்னீங்க. மணி எட்டு அம்பத்தி ரெண்டு."

"சின்ன டெக்னிக்கல் பிரச்சனை அங்கிள்."

"ரயில் கவுந்தா நாங்களும் அப்படித்தான் சொல்வோம்" என்று வைத்துவிட்டார்.

ஒன்பதே காலுக்கு லோரி ஹோட்டல் வாசலில் போய் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பட்டும் கோட்டுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்கள் தெருவில் பைக்கைத் தேடினார்கள். நான் மேலேயிருந்து கையசைத்தேன். சாமுவேல் அங்கிள் லோரியை முன்னிருந்து பின்வரை பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். "எல்லாரும் ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆக, ஃபெடரல் ஹைவேயில் மூன்று காரும் ஒரு வேனும் பின்னால் வர, நான் முன்னால் போனேன். நான் கற்பனை செய்ததுபோலவேதான் எல்லாம் நடந்தது, நடுவில் ஒரு லோரி வந்துவிட்டது என்பதைத் தவிர. ஒரு கையில் பேட்டரி வயர், மறு கையில் வண்டியின் ஹேண்டில். பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பாதையில் போன பையன்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். போலீஸ் வண்டியின் நிழல் தெரிந்தாலும் மூட்டையோடு மூட்டையாகக் குனிந்துகொண்டேன். கண் மட்டும் திரையை விட்டு அகலவில்லை. ஒரு சதவீதம் ஏற மூன்று நிமிடம். அறுபத்தெட்டில் லோரி ஒரு குழியில் ஏறி இறங்கியபோது வயர் தெறிக்கப் பார்த்தது. அதைப் பிடிப்பதற்குள் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். காதர் அண்ணனும் ஓட்டுநர் சீட்டிலிருந்து தன் பங்குக்கு ஏதோ ஓதிக்கொண்டே வந்ததாகப் பிறகு சொன்னார்.

பத்து ஆறுக்குத் தேவாலய வளாகத்துக்குள் நுழைந்தோம். எண்பத்து மூன்று சதவீதம். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். லோரியின் பக்கவாட்டில் நின்று, "எவ்ளோ?" என்றாள்.

"எம்பத்தி மூணு."

"நூறு எப்ப?"

அதற்குள் காதர் அண்ணனிடம் விஷயம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட சாமுவேல் அங்கிள் முன்னால் வந்தார். "ஒரு பர்சென்ட் மூணு நிமிஷம். இன்னும் பதினேழு. அம்பத்தொரு நிமிஷம். பத்து அம்பத்தேழு" என்று ஒப்பித்துவிட்டு, வாசலுக்கு வந்த பாதரிடம் திரும்பினார். "பாதர், தாலி எத்தனை மணிக்கு வேணும்?"

பாதர் யோசித்தார். "பிரசங்கம், உறுதிமொழி எல்லாம் முடிய பதினொன்னு ஆகும். ஆனா பன்னெண்டரைக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு, அதுக்குள்ள நான் முடிச்சாகணும்."

"மூணு நிமிஷம் மிச்சம்" என்றார் சாமுவேல் அங்கிள். "நீங்க ஆரம்பிங்க. நான் வாசல்ல நிக்கிறேன். என் வலது கை தூக்கியே இருந்தா லைன் கிளியர் இல்லைன்னு அர்த்தம். எறக்கினா உறுதிமொழிக்குப் போங்க."

மகனின் கல்யாணத்தில் தகப்பன் முதல் வரிசையில் உட்கார வேண்டும். அவர் உட்காரவில்லை. நாற்பது வருடம் பார்த்த வேலையை மறுபடி ஏற்றுக்கொண்டவர்போல, தேவாலயத்தின் வாசற்படியில் கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு நின்று, வலது கையைத் தூக்கினார். உள்ளே பாட்டு தொடங்கியது. ஷெரின் என் கண் முன்னால் நடந்து உள்ளே போனாள். அப்பா இல்லாத பிள்ளை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். மறுபக்கம் நான் நடந்திருக்க வேண்டும். நான் லோரியில் வெங்காயத்தின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தேன்.

பத்து ஐம்பத்து நான்குக்குத் தொண்ணூற்றொன்பது வந்தது. அப்பாடா என்று காதர் அண்ணனின் கையைக் குலுக்கினேன். பத்து ஐம்பத்தேழுக்கும் தொண்ணூற்றொன்பது. பதினொரு மணிக்கும் அதுவேதான். திரை உறைந்துவிட்டதா, வேலை செய்கிறதா என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. நான் அதைத் தட்டினேன். கெஞ்சினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன் (தேவாலய வளாகத்தில் திட்டியதற்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டேன்).

ஒலிபெருக்கியில் பாதரின் பிரசங்கம் வெளியே கேட்டது. திருமணத்தின் மேன்மையில் தொடங்கியவர் பொறுமைக்கு வந்தார். பொறுமையைப் பற்றி ஒரு மனிதர் பேசக்கூடிய அனைத்தையும் பேசினார். ஒவ்வொரு பத்தி முடியும்போதும் குரல் இறங்கும், வாசலில் கை தூக்கியே இருப்பதைப் பார்ப்பார்போல, "மேலும்..." என்று மறுபடி ஏறும். பொறுமை தீர்ந்ததும் தன் சிறுவயதுக்குப் போனார். அங்கே ஒரு சைக்கிள் இருந்தது. அந்தச் சைக்கிளின் செயின் கழன்றது, அதை மாட்டியது, மறுபடி கழன்றது எல்லாம் வந்தன. பதினொன்றே காலுக்கு, இனி கழற்ற எதுவும் இல்லை என்ற நிலைக்கு அந்தச் சைக்கிள் வந்துவிட்டது. சாமுவேல் அங்கிளின் வலது கை நடுங்குவது எனக்கு லோரியிலிருந்தே தெரிந்தது. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினொன்று இருபதுக்கு நூறு வந்தது. அடுத்த நொடி திரை முழுவதும் கறுத்துப்போயிற்று.

அந்தக் கறுப்பில் என் முகம் தெரிந்தது. அக்கா முகத்தில் இனி எப்படி விழிப்பது என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறு நினைவே இல்லை. காதர் அண்ணன் மறுபடி சுத்தியலைத் தேடுவது காதில் விழுந்தது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மெதுவாகக் கம்பெனியின் சின்னம் தோன்றியது, ஒரு இசை வந்தது, பட்டனில் விளக்கு எரிந்தது. அழுத்தினேன்.

'டக்.'

"தொறந்துடுச்சு!" என்று நான் கத்தியது ஒலிபெருக்கியைத் தாண்டி உள்ளே கேட்டதாம். மழைக்கோட்டை வீசி எறிந்து, டப்பாவை எடுத்துக்கொண்டு லோரியிலிருந்து குதித்தேன். சாமுவேல் அங்கிள் கையை இறக்கினார். பாதர் சைக்கிளை நடுச்சாலையிலேயே விட்டுவிட்டு, "ஆமென்" என்றார். தேவாலயம் முழுவதும் சிரித்துவிட்டது. ஷெரின்கூட முக்காட்டுக்குள் குலுங்கிச் சிரித்தாள். நான் பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். என் கோட்டின் பின்பக்கம் முழுவதும் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கித் தட்டில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை தாலி கட்டியபோது எல்லாரும் சந்தோஷத்தில் அழுதார்கள். நான் வேறு காரணத்துக்காக அழுதேன்.

மாலையில் பைக்கை லோரியிலிருந்து இறக்கிக் கிளப்பினேன். திரை பளிச்சென்று வந்து, மேப்பின் அடுத்த பதிப்பு தயாராக இருக்கிறது, இப்போதே புதுப்பிக்கலாமா என்று கேட்டது. பக்கத்திலிருந்த காதர் அண்ணன் நான் கை வைப்பதற்கு முன்பே தன் துண்டால் திரையை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் 'எங்கே இருக்கிறாய்', 'எப்போது வருவாய்' என்று கேட்பதில்லை. "எத்தனை பர்சென்ட்?" என்றுதான் கேட்கிறார்கள். சோறு வேகவில்லையா, எத்தனை பர்சென்ட். பாத்ரூமில் நேரம் ஆகிறதா, கதவைத் தட்டி எத்தனை பர்சென்ட். கல்யாண வீடியோவில் பாதரின் சைக்கிள் கதை முழுவதுமாக இருக்கிறது. புதிதாக வரும் உறவினர்கள் எல்லாரும் உட்கார வைக்கப்பட்டு அதைப் பார்த்தாக வேண்டும். எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். மூன்று வருடம் அப்படித்தான் இருந்தாள். என்னிடம் பேசுவாள், சாப்பாடு போடுவாள். ஆனால் ஒரு தபால் உறையைக்கூட என்னிடம் கொடுத்துப் போட்டுவிட்டு வரச் சொன்னதில்லை.

போன வருடம் ஷெரினுக்குப் பிரசவ வலி வந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாங்கள் காலையிலிருந்து காத்திருந்தோம். வலி நீண்டுகொண்டே போனது.  மத்தியானம் மாப்பிள்ளை முகம் வெளுத்து வெளியே வந்து, "டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்றாங்க" என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். அக்கா ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தனை பர்சென்டாம்?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நர்ஸ் வந்து அதட்டும்வரை நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். அதன்பின் அரை மணியில் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையின் ஞானஸ்நானத்தன்று போட வேண்டிய சங்கிலியை, தேவாலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் வீட்டில் வைத்து, அக்கா என்னிடம்தான் கொடுத்தாள். என் சட்டைப் பையில் அதைத் தானே போட்டு, பையின் வாயை மூன்று ஊக்கு வைத்துக் குத்தினாள். தெரசா தலைக்கவசத்தை நீட்டினாள். அக்கா அதை வாங்கி அலமாரியின் மேல் வைத்தாள்.

"நடந்து வாடா. வழி தெரியும்ல?"

"தெரியும்க்கா" என்றேன்.